மஞ்சள் துணியில் இருபத்தேழு கற்கள்

அலோர் ஸ்டார் சந்தைக்கு எதிரிலிருந்து கரி பஸ் கிளம்பியபோது ஜப்பான் மணி எட்டு இருபது. பழைய மணிக்கு ஆறு ஐம்பது. டோக்கியோவில் என்ன மணியோ அதுவே கெடாவிலும் மணி என்று உத்தரவு போட்டிருந்த காலம். கடிகாரத்தை உத்தரவுப்படி திருப்பி வைத்திருந்தேனே தவிர, மனத்துக்குள் ஒன்றரை மணியைக் கழித்துக்கொண்டேதான் நடமாடினேன். இந்தக் கட்டுரையில் வரும் மணியெல்லாம் ஜப்பான் மணி. வேண்டியவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

1943, ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மெர்கோங்கில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைவரை நடந்தே வந்திருந்தேன். கையில் குடை, தோளில் துணிப்பை, பைக்குள் மாற்று வேட்டி ஒன்று, மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று, நூலில் தொங்கும் சின்னத் தராசு ஒன்று. புறப்படும்போது என் மனைவி சிவகாமி வாசலில் நின்று, "குடை?" என்றாள். காட்டினேன். "கண்ணாடி?" காட்டினேன். மூன்றாவதாக ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் செல்லையா சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். லோரியை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தான். சயாமில் ரயில் பாதை போட அந்தத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர் போக வேண்டும் என்று பட்டியல் வந்தது. அதில் ஏழாவது பெயர் அவனுடையது. வரும் திங்கட்கிழமை லோரி வந்து ஏற்றிக்கொள்ளும். பட்டியலில் இருப்பவர்கள் அதுவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்னால் போனவர்கள் யாரிடமிருந்தும் ஒரு கடுதாசி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

தப்ப ஒரு வழிதான் இருந்தது. குனோங் ஜெராய் மலையடியில், செமிலிங்கில், ஜப்பான்காரர்கள் ஒரு பழைய ஈயச் சுரங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறொரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு எஞ்சினியர். அவரிடம் ஒரு கறுப்பு விளக்கு. யார் வேண்டுமானாலும் கல் கொண்டுபோகலாம். அந்த விளக்கின் முன் நீலமாக ஒளிவிடும் கல்லைக் கொண்டுவந்தவர்களுடைய இடத்தில் குழி தோண்டுவார்கள். தோண்டுகிற ஆட்களுக்குச் சிவப்பு முத்திரை போட்ட தாள் கிடைக்கும். தாள் வைத்திருப்பவர்களை லோரியில் ஏற்ற மாட்டார்கள்.

நான் ஈப்போவில் ஒரு சுரங்கக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் தராசு பார்த்தவன். கறுப்பு விளக்கைப் போருக்குச் சில வருஷம் முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஊதா நிறத்துக்கு அப்பால் இருப்பது. ஆனால் அது பட்டதும் சில கற்கள் இருட்டில் தாமாகவே நிறம் காட்டும். விளக்கை எடுத்தால் நிறமும் போய்விடும். ஷீலைட் என்ற கல் வெளிர் நீலம் காட்டும். எஃகைக் கடினமாக்கும் டங்ஸ்டன் அதில்தான் இருக்கிறது. செல்லையா மரவள்ளிக்குக் குழி தோண்டும்போது கிடைத்த வெள்ளைக் கல் ஒன்றை ஆள் மூலம் எனக்கு அனுப்பியிருந்தான். காற்றில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை என்று நிறுத்துப் பார்த்தேன். அதே பருமன் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு கனம். வெறும் வெள்ளைக் கல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மூன்று தடவை நிறுத்தேன். மூன்று தடவையும் ஆறுதான். பீரங்கிக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறோமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஏழாவது பெயர் ஒன்றுதான் தோன்றியது.

பஸ்ஸில் இருபத்திரண்டு பேருக்கு இடம். நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். வாத்துகள் ஆறு. பின்னால் பீப்பாய்போல் ஒரு கரி அடுப்பு. அதை விசிறி, கிளறி, கரி போட மாட் என்று ஒரு மலாய்க்கார ஆள். பெடோங்வரை முப்பத்து மூன்று மைலுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டில். அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் காய்ந்து வெடித்துக் கிடந்தன. வலப்பக்கம் தூரத்தில் ஜெராய் மலை, உச்சியில் மேகத்தோடு நின்றது. கோத்தா சாராங் செமுட்டில் பெண்டாங் போகிறவர்கள் பதினொரு பேரும் வாத்துகள் ஆறும் இறங்க, பதினான்கு பேர் ஏறினார்கள். மைல் கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு கல் காணாமல் போயிருந்தன. அது என்னை வெகுநேரம் அரித்தது.

பதினோரு மணி. குவார் செம்பெடாக் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சுவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நானும் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தேன். மாட் கரிக் கையால் என்னை உட்கார வைத்தார்.

"உட்காருங்க பாச்சிக். நீங்க இறங்கினாலும் பஸ்ஸுக்குத் தெரியாது. என் கரி மூட்டை உங்களைவிடக் கனம்" என்றார் மலாயில். பாச்சிக் என்றால் மாமா. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அறுபத்து நாலு வயதில், வழியெல்லாம் அந்தப் பட்டியலையே நினைத்துக்கொண்டு வந்தவன், நானும் சிரித்தேன். குருனில் தண்ணீர் ஊற்ற நின்றபோது அவர் தன் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, வேகவைத்த மரவள்ளியில் பாதியை என் கையில் வைத்தார். காசு நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகல் இரண்டு பத்துக்குப் பெடோங். அங்கிருந்து தோட்டத்துக்கு நடை. பாதையில் ஆயிரத்து நாற்பது ரப்பர் மரம்வரை எண்ணி, பிறகு மழை பிடித்துக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

செல்லையா மெலிந்திருந்தான். அதிகம் பேசவில்லை. அவன் மனைவி மீனாட்சி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். கை காய்த்திருக்கும், முகம் எப்போதும் மஞ்சள் பூசியிருக்கும். நான் போனதும் ஓடையோரக் குழியில் இறங்கி, செல்லையா எடுத்துப் போட்டிருந்த கற்களை ஒவ்வொன்றாக நிறுத்து, இருபத்து நான்கைத் தேர்ந்தேன். அவற்றில் நான்குதான் நல்ல கனம். மீதி இருபதும் அந்தக் கனக்கல் ஒட்டிக் கிடந்த வெள்ளைப் பாறை. இடத்தைக் காட்டுவதற்காக எடுத்தது. நான்கையும் மேலே வரும்படி ஒரு சாக்கில் அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை காலை எழுந்து பார்த்தால் சாக்கு இல்லை. பதறிக்கொண்டு வெளியே வந்தேன். மீனாட்சி தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு மூட்டை. பளிச்சென்று மஞ்சள் துணி.

"என்னம்மா இது?"

"ஆத்தா காலடியில வச்சு எடுத்தாந்தேன் மாமா. மஞ்சத் தண்ணி ஊத்தி, மஞ்சத் துணியில முடிஞ்சு. வேண்டுதல் மூட்டைய சாக்குல கட்டுவாங்களா?"

அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாக் கல்லும் மஞ்சளில் குளித்திருந்தன. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருபத்தேழு.

"இருபத்து நாலுதானே வச்சேன்?"

"இருபத்து நாலு ஒரு கணக்கா மாமா? நட்சத்திரம் இருபத்தேழு. மூணு நான் சேத்தேன். சூலத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கல்லு ஒண்ணு, பக்கத்துல கெடந்தது ரெண்டு."

எனக்குக் கோபம் வந்தது. சோதனைக்குப் போகும் கல்லில் தூசிகூட இருக்கக் கூடாது என்று இருபத்தாறு வருஷம் பழகியவன். மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், ஒவ்வொரு கல்லாகக் கையால் தேய்த்துக் கழுவினேன். மீனாட்சி கரையில் நின்று, "தேயிங்க, தேயிங்க. கல்லு சோறாயிடும்" என்றாள். மேல் மஞ்சள் போயிற்று. சாக்கு அதற்குள் யாரோ மரவள்ளி அள்ளப் போய்விட்டதால் மறுபடி அந்த மஞ்சள் துணியிலேயே, கழுவின வரிசையில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு முடிந்தேன். செல்லையா தோட்டத்து எல்லைவரை வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். "அப்பா, வெயிலுக்கு முன்னாடி போயிருங்க" என்றான். அவ்வளவுதான்.

செமிலிங் ஏழரை மைல். மூட்டை மீனாட்சியின் தலையில். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால். வழியில் ஒரு காவல் சாவடி. குனிந்தேன், குனிந்தது போதவில்லை என்று சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. மீனாட்சி தலையில் மூட்டையோடு, கழுத்தை வளைக்காமல் உட்கார்ந்து, அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே முழங்காலில் அவனைக் கும்பிட்டாள். சாவடி மறைந்த பிறகு, "ஒரு பக்கந்தான் விரிசல் விட்டிருக்கு மாமா. இன்னொரு பக்கத்தால எண்ணுங்க" என்றாள்.

பதினோரு மணி நாற்பதுக்குச் சுரங்கத்துக்கு வந்தோம். தகரக் கொட்டகை; சன்னல்களுக்கெல்லாம் கம்பளி அடித்திருந்தது. உள்ளே டைனமோவின் உறுமல். வாசலில் பெஞ்சி. எங்களுக்கு முன்னால் ஆறு பேர், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சாக்கு. ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர் ஆ லோய் என்ற சீனக் குமாஸ்தா. எங்களைக் கண்டதும் தமிழில் பேசினார்.

"கல்லா? குந்து லா ஐயா. நான் கூலிம் பக்கம் எஸ்டேட் கடையில பொறந்தவன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் குந்தியிருக்கேன். அடிதான் மிச்சம்."

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு கல்லு. மேலாக மூணு எடுப்பாரு, வெளக்குல காட்டுவாரு. மூணும் கறுப்புன்னா சாக்கு வெளியே. ஒரு நாளைக்கு நாப்பது சாக்கு வருது. எல்லாத்தையும் பாக்க அவருக்குக் கண்ணு எங்க இருக்கு?"

முதல் ஆள் போனார்; வந்தார். இரண்டாவது ஆள் போனார், வந்தார். ஒருவருக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. ஒவ்வொருவரும் சாக்கை வெளியில் கொட்டிவிட்டுப் போனார்கள். அங்கே அப்படி ஒரு கல்மேடு கிடந்தது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஓடையில் நான் முதலில் கழுவியது மேலே இருந்த நான்கு நல்ல கல்லை. முதலில் கழுவியவை முதலில் துணிக்குள் போயின. இப்போது அவை அடியில் இருக்கின்றன.

முடிச்சை அவிழ்க்கப் போனேன். சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் பெஞ்சியைத் தட்டினான். ஆ லோய், "தொடாத ஐயா. வாசல்ல கல்லு மாத்தினா ஏமாத்துறேன்னு சொல்லுவாங்க" என்றார். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

உள்ளே இருட்டு. கண் பழகியபோது மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தது. அதன் கண்ணாடி மங்கலான ஊதாவாக இருந்தது. பெட்டிக்குப் பின்னால் எஞ்சினியர். என் வயதுக்குப் பத்துக் குறைவாக இருக்கலாம். களைத்தவர்போல் கையை நீட்டினார். மீனாட்சி மூட்டையை மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அவர் பெட்டியை அதன் பக்கம் திருப்பினார்.

மேசை பற்றிக்கொண்டது என்றே நினைத்தேன். துணி முழுவதும் பச்சை கலந்த மஞ்சளாய் எரிந்தது. கல் ஒவ்வொன்றும் கீறல் கீறலாய், குழி குழியாய் அதே நிறத்தில் மின்னியது. இளம் வாழைக் குருத்துக்குப் பின்னால் சூரியனை வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. எஞ்சினியர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அவர் மூன்று கல் எடுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மூலையிலிருந்து ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் பஞ்சில் ஒரு பொடிக்கல். மேலே மீன் செதிள்போல் மெல்லிய ஏடுகள். அதை எங்கள் கற்களின் பக்கத்தில் வைத்தார். அதுவும் அதே பச்சை மஞ்சள்.

அவருக்கும் ஆ லோய்க்கும் பேச்சு ஒரு விதம். கைவிளக்கைப் போட்டுக்கொண்டு எஞ்சினியர் தாளில் சீன எழுத்தில் எழுதுவார்; அந்த எழுத்து இரண்டு நாட்டுக்கும் பொது; ஆ லோய் படித்து எங்களுக்குச் சொல்வார்.

"நீலக் கல்லு இல்லையாம் இது. இது வேற. யுரேனியம் இருக்குற கல்லு. மலைச் சரிவுல நாலு மாசம் தேடி இந்தப் பொட்டு ஒண்ணுதான் கெடைச்சுதாம். நீ ஒரு மூட்டை கொண்டாந்திருக்க. மேல எழுதப் போறாராம். எத்தனை ஆளு வேணும்னாலும் குடுப்பாங்களாம்."

யுரேனியம் எனக்குத் தெரிந்த பெயர்தான். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சள் ஏற்றுகிற உலோகம். அதை எதற்குத் தேடுகிறார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பத்திரிகைகள் அந்த உலோகத்தைப் பற்றி என்னென்ன எழுதின என்று வாசகர்களுக்குத் தெரியும். அன்று எங்களுக்கு அது ஒரு நிறம். எஞ்சினியர் என் தோளைத் தட்டினார். முத்திரைப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. எத்தனை ஆள் வேண்டுமானாலும்! பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக மனத்துக்குள் கம்பியைத் தாண்டி வெளியே கொண்டுவந்தேன்.

"மாமா" என்றாள் மீனாட்சி மெல்ல. "ஒங்க நகம் ஏன் இப்படி இருக்கு?"

பார்த்தேன். என் பத்து நகமும் விளிம்பில் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தன. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இருட்டில் அவள் முகம் தனியாக நின்றது. கன்னம், கழுத்து, தாலிக்கயிறு எல்லாம் அதே ஒளி. கண்ணும் வாயும் மட்டும் கறுப்பு.

"அய்யோ, மஞ்சளு!" என்றாள்.

எஞ்சினியர் தாளில் குனிந்திருந்தார். ஆ லோய் நிமிர்ந்தார். தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருஷம் குந்தியவருக்கு மஞ்சள் தெரியாமல் இருக்குமா?



"ஐயா" என்றார் ஆ லோய், தலையைத் திருப்பாமலே. "எனக்குக் காது கேக்கல. தாளை வாங்கிக்கிட்டுப் போ லா. இத நான் எழுதிக் காட்டினா ஒனக்கும் அறை, எனக்கும் அறை."

நான் கணக்குப் போட்டேன். தாள் வாங்கிவிட்டால் திங்கட்கிழமை லோரி வெறுமனே போகும். ஆனால் குழி தோண்டுவார்கள். ஒரு மாதத்தில் பச்சைக் கல் ஒன்றும் இல்லை என்று தெரியும். பிறகு பன்னிரண்டு பேரைக் கேட்டவர்கள் எத்தனை பேரைக் கேட்பார்கள்? இந்தச் சீனர் தலை தப்புமா? இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு பொய் எடை எழுதியதில்லை. பிள்ளையின் உயிர் தொங்கும்போதும் அந்த வழக்கம் என்னை விடவில்லை. நல்ல நான்கு கல் அடியில் இருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை.

"ஸ்பிரிட் இருக்கா? கொஞ்சம் பஞ்சும் வேணும்" என்றேன்.

"மாமா..." என்றாள் மீனாட்சி. பிறகு, "சரி, செய்யிங்க" என்றாள்.

அடுப்புக்கு வைத்திருந்த ஸ்பிரிட் புட்டியை ஆ லோய் எடுத்துக் கொடுத்தார். பஞ்சை நனைத்து எங்கள் கல் ஒன்றைத் துடைத்தேன். கல் இருண்டது, பஞ்சு ஒளிர்ந்தது. பிறகு வேறு பஞ்சை எஞ்சினியர் பக்கம் நீட்டி, அவருடைய செதிள் கல்லைக் காட்டினேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுத் துடைத்தார். அது அப்படியே ஒளிர்ந்தது. பஞ்சு கறுப்பாக இருந்தது. ஒரு நிறம் கல்லுக்குள் இருக்கிறது, ஒன்று மேலே பூசியது. இதற்குமேல் விளக்கம் வேண்டாத மனிதர் அவர். மீனாட்சியின் முகத்தைப் பார்த்தார். ஆ லோயைப் பார்த்தார். ஆ லோய் இரண்டே எழுத்து எழுதிக் காட்டினார். சீனத்தில் மஞ்சளை, மஞ்சள் நிறத்து இஞ்சி என்றுதான் எழுதுவார்களாம்.

எஞ்சினியர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு மாதம் தேடியது ஒரு மூட்டையாய்க் கிடைத்து, ஐந்து நிமிஷத்தில் இஞ்சியாகிவிட்டது. நான் அறைக்காகக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

அறை விழவில்லை. வெகுநேரம் அந்த ஒளிரும் பஞ்சையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புட்டியைத் தன் பக்கம் இழுத்து, எங்கள் கற்களை ஒவ்வொன்றாகத் தாமே துடைக்க ஆரம்பித்தார். கோபமா, ஏதாவது ஒரு பச்சைச் செதிள் மிச்சமிருக்குமா என்ற ஆசையா, எனக்குத் தெரியாது. மூன்றோடு நிறுத்தவில்லை. நான் எண்ணினேன். நாலு, கறுப்பு. ஒன்பது, கறுப்பு. பதினைந்து, கறுப்பு. இருபத்து மூன்றாவது கல் வரை கறுப்பு. மீனாட்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது.

இருபத்து நாலாவது கல் நீலமாக எரிந்தது.

மழைக்குப் பிறகு விடியற்காலையில் ஜெராய் மலைக்குமேல் தெரிகிற நீலம். அடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும். இருபத்தேழாவதும். எஞ்சினியர் ஒவ்வொன்றையும் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, துடைத்து ஒதுக்கிய குவியலை மறுபடி விளக்கின் கீழ் பரப்பினார். குவியலில் ஒரு கல்லின் அடிப்பக்கத்தில் விரற்கடை அளவுக்கு நீலம். அது என் கல் இல்லை. நான் தேர்ந்த ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்.

"அது சூலத்துக் கல்லு மாமா" என்றாள்.

"சூலம்னா கோயிலா? மத்த கல்லு எடுத்த எடத்திலேருந்து கோயில் எவ்வளவு தூரம்?" என்று ஆ லோய் கேட்டார்.

"இருநூத்தி அறுபது தப்படி" என்றேன். முதல் நாள் நடந்தபோதே எண்ணியிருந்தேன்.

எஞ்சினியர் தாளில் இரண்டு குழி வரைந்தார். ஒரு குழிக்குப் பத்து ஆள். தோட்டத்தில் திடமான ஆண்கள் எத்தனை பேர்? பத்தொன்பது என்றேன். பொய்யில்லாத கணக்கு. அவர் இருபது என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருபதாவது நான்" என்றாள் மீனாட்சி. "மண்ணு சொமக்க ஆம்பளதான் வேணுமா? இந்தக் கல்ல ஏழரை மைலு யாரு சொமந்தா, இவரா?"

ஆ லோய் எழுதிக் காட்டினார். எஞ்சினியர் அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை, பல் தெரிந்தது. முத்திரை விழுந்தது. இருபது தாள். நான் எண்ணி வாங்கினேன். மீனாட்சி, "இப்ப எண்ணுங்க மாமா, எத்தன தடவ வேணும்னாலும் எண்ணுங்க" என்றாள். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆ லோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். அவருக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. போர் முடிந்து செமிலிங்குக்குப் போய் விசாரித்தேன். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர் யாருக்காவது தெரிந்தால், அந்தக் கிழவன் நன்றி சொன்னதாகச் சொல்லவேண்டும்.

திரும்பும் வழியில் இரண்டு மைல் நடந்தோம். பிறகு மீனாட்சியிடம் ஒத்துக்கொண்டேன். அவள் மஞ்சள் பூசாமல் இருந்திருந்தால், நான் கழுவிக் குலைத்த வரிசையில் முதல் மூன்று கல்லைப் பார்த்துவிட்டு எங்களைத் துரத்தியிருப்பார்கள்.

"அப்ப நீங்க கழுவாம இருந்திருந்தா?"

"மேலே நாலும் இருந்திருக்கும்."

"ஆக, நீங்க கெடுத்தீங்க, நான் சரிபண்ணேன்" என்றாள். மீதி ஐந்தரை மைலில் அதை நாலு தடவை சொன்னாள்.

அந்தக் குழிகளில் அவர்கள் ஓராண்டுக்குக் குறையாமல் தோண்டினார்கள். கிடைத்த நீலக்கல் கொஞ்சம்தான். கோயிலுக்குப் பின்னால் தோண்டியதில் மதில் ஒருபக்கம் சரிந்தது, பிறகு கட்டிக்கொண்டார்கள். இருபது பேரில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். பத்தொன்பது பேர் இன்றும் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை, காலை ஒன்பது ஐந்துக்குப் பெடோங்கில் பஸ் ஏறினேன். அதே பஸ், அதே மாட். குருனில் தண்ணீருக்கு நின்றபோது ரயில் நிலையத்துப் பக்கம் ஐந்து லோரிகள் வந்தன. வேறு ஏதோ தோட்டத்து ஆட்கள். நின்றபடி வந்தார்கள். எல்லாரும் நம் ஆட்கள். சிலர் துணி மூட்டைக்குள் சட்டி, தட்டு செருகியிருந்தார்கள். ஒருவர் கையில் மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. நான் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றுக்கு வந்தபோது மாட் எனக்கும் சன்னலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"வேணாம் பாச்சிக்" என்றார். "இது எண்ணுற கணக்கு இல்லை."

பஸ் கிளம்பும்வரை அவர் நகரவில்லை. மைல் கல்லையும் பிறகு நான் எண்ணவில்லை.

மெர்கோங்குக்கு மாலை நாலரைக்கு வந்தேன். சிவகாமி வாசலில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: விளக்கு, பச்சை, நீலம், இருபது தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "செல்லையா சாப்ட்டானா?" என்றாள்.

"சாப்ட்டான்."

"சரி, கையக் கழுவிட்டு நீங்களும் வாங்க."

எங்கள் வீட்டில் கரண்டு விளக்கு உண்டு. அன்று சாயங்காலம் அதன் கீழே கையை நீட்டிப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் அது ஒரு கிழவனின் கை; நகத்தோரத்தில் கொஞ்சம் அழுக்கு மஞ்சள். செமிலிங்கில் அது எரிந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிவகாமி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பத்து விரலையும் கழுவினேன். நகத்தோரத்து மஞ்சள் போகவில்லை. இருக்கட்டும் என்று நான் தேய்க்கவும் இல்லை.